ஏழாம் மாடி அனுதாபப் பிரிவு

லிப்ட்காரரின் மனைவி இறந்த இருபத்தாறாம் நாள் அவளுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. "அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் பொறுப்பான நடத்தையைக் கண்டு மகிழ்ந்து, உங்கள் கிரெடிட் கார்டின் கடன் வரம்பை இரண்டு மடங்காக உயர்த்தியிருக்கிறோம்" என்று அதில் அச்சடித்திருந்தது. உயிரோடு இருந்த காலத்தில் அவளை யாரும் எழுத்து மூலமாகப் பாராட்டியதில்லை. இருபத்தேழாம் நாள் அதே இடத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. அதில் அன்பும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. நிலுவை இவ்வளவு, வட்டி இவ்வளவு, வட்டி கட்டாததற்கு அபராதம் இவ்வளவு, அபராதத்துக்கு வரி இவ்வளவு. கூட்டிப் பார்த்தால் லிப்ட்காரரின் பதினோரு மாதச் சம்பளம்.

அவர் ஓய்வு பெறுவதற்கும் பதினோரு மாதம்தான் பாக்கி. ஓய்வின்போது கைக்கு வரப்போகிற மொத்தத் தொகையும் ஏறக்குறைய அதேதான். அதை வைத்துக்கொண்டுதான் பிறகு சாகும்வரை சாப்பிட வேண்டும். பிள்ளை குட்டி கிடையாது.

இரண்டு கடிதத்தையும் அவர் லிப்டுக்குள் ஸ்டூலில் உட்கார்ந்தபடி படித்தார். அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. காலை மடக்கி ரொம்ப நேரம் உட்கார்ந்தால் மரத்துப் போகுமே, அவருக்கு உடம்பு முழுக்க அப்படி ஆகியிருந்தது. நாலாம் மாடியில் மணி அடித்தது. போய் ஆளை ஏற்றினார்.

கடிதத்தின் அடியில் இருந்த விலாசத்தை மறுபடி பார்த்தார். அதே கட்டடம், ஏழாம் மாடி. கார்டு கம்பெனி. பத்தொன்பது வருஷமாக அந்தக் கம்பெனியை அவர்தான் காலையில் மேலே கொண்டுபோய் வைத்து, சாயங்காலம் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்.

பழைய காலத்து லிப்ட். இரும்பு மடிப்புக் கதவு இரண்டையும் கையால் இழுத்துச் சாத்தினால்தான் நகரும். அதனால்தான் இன்னும் ஓர் ஆள் வைத்திருந்தார்கள். ஒரு மூலையில் மூன்று கால் ஸ்டூல். நாலாவது கால் இருந்த இடத்தில் செங்கல். சுவரில் ஒரு பலகை: "எட்டுப் பேர் மட்டும். உங்கள் உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல."

அந்தக் கார்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டும் ஜன்னலில் அவர் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தபோது, சக்கர நாற்காலியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தவள் அவர் முழங்கையைப் பிடித்தாள். "பணமா குடுக்காதீங்க. என் கார்டுல தேய்ங்க. இன்னும் கொஞ்சம்தான் வேணும்" என்றாள். ரகசிய எண்ணையும் சத்தமாகச் சொன்னாள். வரிசையில் நின்ற எல்லோரும் கேட்டார்கள். அவர் தேய்த்தார். அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை. 'இன்னும் கொஞ்சம் என்ன வேணும்?' என்று அவர் கேட்டிருக்கலாம். பின்னால் வரிசை நின்றதால் கேட்கவில்லை.

முதல் போன் முப்பதாம் நாள் காலை ஒன்பது பத்துக்கு வந்தது. அந்த நேரத்தில் லிப்டில் டைக்காரர் ஒருவர்தான் இருந்தார். ஏழாம் மாடி ஆள். பனி, மழை, வெயில் எதற்கும் டையைக் கழற்றாதவர். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஏதோ எண்ணை அழுத்தினார். லிப்ட்காரரின் பையில் மணி அடித்தது.

"வணக்கம். கார்டு கம்பெனிலேர்ந்து பேசறேன். மறைந்த வாடிக்கையாளரோட கணவர்ங்களா?"

குரல் போனிலும் வந்தது, முதுகுக்குப் பின்னாலும் வந்தது.

"ஆமா சார்."

"இந்த மாதிரி நேரத்துல தொந்தரவு குடுக்கறதுக்கு மனசார வருந்தறோம். எப்ப கட்டப் போறீங்க?"

"சார், நான் உங்க முன்னாடிதான் நிக்கறேன்."

டைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பத்தொன்பது வருஷத்தில் லிப்ட்காரருக்கு ஒரு முகம் உண்டு என்பதை அன்றுதான் கண்டார் போலிருந்தது. ஆனால் போனை இறக்கவில்லை.

"ரொம்ப சந்தோஷங்க. ஆனா நேர்ல பேச எனக்கு அதிகாரம் இல்ல. நேர்ல பேசறது வேற பிரிவு. நான் தொலைபேசிப் பிரிவு. லைன்லயே இருங்க."

லிப்ட்காரர் லைனிலேயே இருந்தார். ஒருவருக்கொருவர் ஒரு முழ தூரத்தில் நின்றபடி இருவரும் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டே ஏறினார்கள்.

"சார், இத நான் கட்டணுமா?"

"கட்டணும்னு நான் சொல்லவே இல்லீங்களே. எப்ப கட்டப் போறீங்கன்னுதான் கேட்டேன்."

ஆறாம் மாடியைத் தாண்டியதும் இணைப்பு அறுந்தது. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் எந்தப் போனும் எடுக்காது. சுவர் அவ்வளவு கனம். டைக்காரர் ஒயரைக் கழற்றி, "தேங்க்ஸ்ணே" என்று நேரில் சொல்லிவிட்டு இறங்கினார். மேலே போய் உட்கார்ந்ததும் மறுபடி கூப்பிட்டு, "லைன் கட்டாயிடுச்சு சார்" என்றார். போனில் சார், நேரில் அண்ணன். கம்பெனியில் மரியாதைக்கும் பிரிவு பிரித்திருந்தார்கள்.

அந்த வாரமே கம்பெனியின் தலைமை அதிகாரி ஆறு புதிய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லிப்டில் ஏறினார். மூக்கில் போட வேண்டிய கண்ணாடியை எப்போதும் நெற்றியில் ஏற்றி வைத்திருப்பவர் என்பதால் லிப்ட்காரர் அவருக்கு மனசுக்குள் நெத்திக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தார். பயிற்சி வகுப்பு ஏழாம் மாடியில்தான். ஆனால் அவர் நேரத்தை வீணாக்காத மனிதர். கதவு சாத்தியதும் தொடங்கிவிட்டார்.

"நல்லா கவனிங்க. பொண்டாட்டி வாங்கின கடனுக்குப் புருஷன் பொறுப்பில்ல. புருஷன் வாங்கினதுக்குப் பொண்டாட்டி பொறுப்பில்ல. அவங்க கையெழுத்து எங்கயும் இல்லேன்னா சட்டம் நம்மள வாசல்லயே நிறுத்திடும். அதனால நாம சட்டத்துகிட்ட போறதே இல்ல. மனசாட்சிகிட்ட போறோம். சட்டத்துக்கு லீவு உண்டு, வக்கீல் உண்டு, வாய்தா உண்டு. மனசாட்சிக்கு ஒரு எழவும் கிடையாது. எப்ப தட்டினாலும் கதவைத் திறக்கும்."

பின்னால் நின்ற ஒரு பெண் கேட்டாள்: "அப்ப, அவங்க கட்டத் தேவையில்லன்னு அவங்ககிட்ட நாம சொல்லணுமா சார்?"

"கேட்டா சொல்லணும். அதான் கேக்க விடக்கூடாது. துக்கத்துல இருக்கறவங்களுக்குக் கேள்வி சட்டுனு வராது. முதல் மூணு மாசம் தங்கமான மாசம். நாலாவது மாசம் அழுகை நின்னு புத்தி வந்துடும். அதுக்குள்ள ஒரே ஒரு கையெழுத்து. 'மனமுவந்து பொறுப்பேற்கிறேன்.' அவ்வளவுதான். அது விழுந்துட்டா அப்புறம் சட்டமும் நம்ம பக்கம், மனசாட்சியும் நம்ம பக்கம். நாங்க கருணையோட நடத்தற கம்பெனிம்மா இது. யாரையும் வற்புறுத்தினதே இல்ல. வற்புறுத்தறதுக்கு உரிமை இருந்தாத்தானே வற்புறுத்த முடியும்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். ஏழு வந்தது.

"இதெல்லாம் நமக்குள்ள இருக்கட்டும். வெளியாள் காதுல விழக்கூடாது" என்றார் நெத்திக்கண்ணாடி.

லிப்ட்காரர் கதவைத் திறந்துவிட்டார். அன்று லிப்டில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஏழு பேர் என்று நெத்திக்கண்ணாடி எண்ணியிருந்தார்.

கட்டத் தேவையில்லை என்று தெரிந்த பிறகு ஒரு மனிதன் துள்ளிக் குதிக்க வேண்டும். லிப்ட்காரருக்கு அதுவும் மரத்துப்போன காலில் எறும்பு ஊர்ந்த கணக்காகத்தான் இருந்தது. தவிர, அவர் பிறர் காசு பத்துப் பைசா கீழே கிடந்தாலும் மூன்று நாள் கையில் வைத்துக்கொண்டு மாடி மாடியாக விசாரிக்கிற பிறவி. அவள் வாங்கியிருக்கிறாள், கொடுக்கவில்லை. நம் வீட்டுக்காரி. எப்படி இல்லை என்று சொல்வது? ஒன்று மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைத்தார்: பதினோரு மாதச் சம்பளத்துக்கு அவள் எதை வாங்கினாள்? வீட்டில் புதிதாக ஒரு கரண்டிகூட இல்லை.

மதிய இடைவேளையில் ஏழாம் மாடிக்குக் கிளம்பினார். இடைவேளையில் லிப்ட் தரைத்தளத்தில் பூட்டிக் கிடக்க வேண்டும் என்பது விதி. ஆகவே முதுகைப் பிடித்துக்கொண்டு ஏழு மாடியும் நடந்தே ஏறினார். வரவேற்பில் இருந்த பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பார்வையாளர் சீட்டு எங்க?"

"இல்லம்மா. படியில வந்தேன்."

"லிப்ட்ல வர்றவங்களுக்குத்தான் கீழ சீட்டு தருவாங்க. படியில வந்தா நீங்க வந்ததுக்கே பதிவு இல்ல. லிப்ட்ல வந்திருக்கலாமே?"

"லிப்ட் சாப்பாட்டுக்குப் போயிருக்கும்மா."

"எப்ப வரும்?"

"நான் கீழ போனப்புறம்."

அவள் இதைக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வராதவர்களுக்கான ஒரு சீட்டை எழுதிக் கொடுத்து உள்ளே அனுப்பினாள்.

அனுதாபப் பிரிவு என்று கதவில் எழுதியிருந்தது. உள்ளே வெளிர்நீலச் சுவர், காகிதப் பூ, மேஜைமேல் கைக்குட்டைப் பெட்டி. பெட்டி மேஜையோடு சங்கிலியால் கட்டியிருந்தது. அங்கிருந்த அம்மாள் எழுந்து நின்று ஓர் அட்டையைப் பார்த்து வாசித்தாள்: "உங்கள் அன்புக்குரிய (உறவுமுறையை இங்கே நிரப்பவும்) அவர்களின் ஈடு இணையற்ற இழப்பில் நாங்களும் பங்கு கொள்கிறோம்." பிறகு மேஜைமேல் இருந்த சின்னக் கடிகாரத்தைத் திருகி வைத்தாள். "ரெண்டு நிமிஷம் மௌனம் சார். இதுக்குக் கட்டணம் கிடையாது. ரெண்டு நிமிஷத்துக்கு மேல போனாத்தான்."

நின்றார்கள். கடிகாரம் கிணுகிணுத்தது. அம்மாள் படக்கென்று உட்கார்ந்து ஒரு படிவத்தை எடுத்தாள். தலைப்பு, அன்பு அளவீட்டுப் படிவம்.

"மறைந்தவர் கார்டில் வாங்கிய பொருளால் நீங்கள் பயனடைந்ததுண்டா?"

"என்ன வாங்கினான்னே தெரியாதும்மா."

"சமைச்சுப் போட்டாங்களா?"

"போட்டா."

"அப்ப பயனடைந்தார்." எழுதினாள். "இருவருக்கும் சண்டை வந்ததுண்டா?"

"ஒரு ஸ்டூலுக்காக வரும். அதுல உக்காந்துதான் எனக்கு முதுகு போச்சுன்னு தைலம் தேய்க்கும்போதெல்லாம் திட்டுவா. ஒரு நாள் வந்து அதைத் தூக்கிக் குப்பையில போடறேன்னு சொல்லுவா."

"அது இந்தக் கட்டத்துல கொள்ளாது. சண்டை உண்டுன்னு போட்டுக்கறேன். கடைசிக் கேள்வி. மறைந்தவர் உங்கள் மீது வைத்திருந்த அன்பு, ஒன்றிலிருந்து ஐந்துக்குள்."

லிப்ட்காரர் முழித்தார்.

"புரியும்படி சொல்றேன் சார். அஞ்சு போட்டீங்கன்னா, அவ்வளவு அன்பு வச்சவங்களோட கடனை நீங்க நடுத்தெருவுல விட முடியாது, கட்டியாகணும். ஒண்ணு போட்டீங்கன்னா, அன்பே இல்லாத மனைவி போனதுக்கு உங்களுக்கு என்ன துக்கம்? துக்கச் சலுகை ரத்து, முழு வட்டி. பொதுவா எல்லாரும் மூணு போடுவாங்க. மூணுக்கு மாசத் தவணை."

பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் யோசித்தார். இருபத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. சாப்பாட்டுக் கூடையை வைத்துவிட்டு "சூடு ஆறிடும்" என்பாள். அதற்கு எத்தனை எண் என்று அவருக்குத் தெரியவில்லை.

"தெரியலம்மா."

"தெரியலைக்குக் கட்டம் இல்லையே."

"அப்ப காலியா இருக்கட்டும். என்ன வாங்கினான்னு ஒரு பட்டியல் குடுங்கம்மா, போதும்."

அம்மாள் அதிர்ந்து போனாள். "அது எப்படி சார்? ஒருத்தர் என்ன வாங்கினாங்கன்றது அவங்க அந்தரங்கம். வெளியாளுக்குக் குடுக்க முடியாது."

"நான் வெளியாளாம்மா?"

"கையெழுத்துப் போடற வரைக்கும்."

"அப்ப கடன்?"

"கடன் குடும்ப விஷயம் சார்" என்றாள் அவள், மிகுந்த கனிவோடு.

ஞாயிற்றுக்கிழமை மச்சினி வந்தாள், அக்காவின் துணிமணிகளை எடுத்து ஒழுங்குபண்ண. அக்கா, தங்கை இருவரும் ஒரே பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை பார்த்தவர்கள். பீரோவின் அடித்தட்டில், போர்வைக்குக் கீழே ஒரு பை இருந்தது. உள்ளே மூன்று வருஷத்துக் கார்டுக் கணக்குகள், மாதவாரியாகக் குண்டூசி குத்தி. லிப்ட்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். சைக்கிள். இரட்டை மெத்தை. குழந்தைத் தொட்டில். தையல் மிஷின். நாலு செல்போன். சுவரில் மாட்டும் விசிறி மூன்று.

"யாருக்குத் தொட்டில்?" என்றார்.

மச்சினி தரையைப் பார்த்தாள். "எங்க பிரிவுல ஒரு பொண்ணுக்கு, மாமா. மெத்தை எனக்கு."

"உனக்கா?"

"அக்காதான் ஒருத்தரையும் விடமாட்டா. 'எது வாங்கறதா இருந்தாலும் என் கார்டுல வாங்குங்கடி, காசை மெதுவா என்கிட்ட குடுங்க'ன்னு பின்னாடியே வருவா. பாதிப் பேரு ஒழுங்காக் குடுத்தாங்க. பாதிப் பேரு, அக்காதானேன்னு விட்டுட்டாங்க. மெத்தைக்கு நானே இன்னும் ரெண்டு தடவை குடுக்கணும். அவ கேக்கவும் இல்ல."

"இவளுக்கு எதுக்கு இந்த வேலை? பைத்தியமா?"

"பாயின்ட்டுக்கு, மாமா. தேய்க்கத் தேய்க்கப் பாயின்ட் ஏறும். நாலாயிரம் பாயின்ட் சேர்ந்தா பரிசு."

பையின் அடியிலிருந்து ஒரு பரிசுப் புத்தகத்தை எடுத்தாள். ஒரு பக்கம் மடித்திருந்தது. அதில் ஒரு நாற்காலியின் படம். நல்ல உயரமான சாய்மானம், முதுகுக்கு இதமாக நடுவில் ஒரு மெத்தைப் புடைப்பு. படத்துக்குக் கீழே பென்சிலால், அவள் கோணல் கையெழுத்தில்: "ரெண்டு சாண் நாலு விரல். மூலையில் போகும்."

லிப்ட்காரருக்கு ஞாபகம் வந்தது. ஒரு நாள் சாப்பாட்டுக் கூடையோடு வந்தவள் லிப்டுக்குள் குனிந்து ஸ்டூல் இருந்த மூலையில் சாண் போட்டுக்கொண்டிருந்தாள். என்னடி செய்கிறாய் என்று அவர் கேட்டதற்கு, ஒட்டடை என்றாள்.

"கடையிலயே வாங்கியிருக்கலாமே" என்றார் மெதுவாக. "இது என் அரை மாசச் சம்பளம்கூட வராதே."

"நானும் அதத்தான் சொன்னேன். காசு குடுத்து வாங்கிட்டுப் போனா, 'எனக்கு எதுக்கு, திருப்பிக் குடுத்துட்டு வா'ன்னுவாராம். இனாமா வந்துச்சுன்னாத்தான் மனுஷன் உக்காருவாருன்னா."

அது உண்மைதான். அப்படித்தான் சொல்லியிருப்பார்.

அவள் போன பிறகு தபாலில் வந்து பிரிக்காமலே கிடந்த கடைசி மாதக் கணக்கையும் எடுத்துப் பிரித்தார். அதன் கடைசி வரி, ஆஸ்பத்திரி முன்பணம். அதற்கு முன்னால் பாயின்ட் நாலாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. அதற்குப் பின்னால் நாலாயிரத்து ஆறு. 'இன்னும் கொஞ்சம்தான் வேணும்.' எது கொஞ்சம் என்று அவருக்கு இப்போது தெரிந்தது. மச்சினி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் கணக்குகளை மறுபடி மாதவாரியாக அடுக்கிக் குண்டூசி குத்தினார்.

திங்கட்கிழமை போனில் டைக்காரர் உற்சாகமாக இருந்தார். "சார், ஒரு நல்ல சேதி. அம்மாவுக்குப் பரிசு விழுந்திருக்கு. ஒரு நாற்காலி. ஆனா பாயின்ட் தனிப்பட்டது, வாரிசுக்குப் போகாது. அதனால கம்பெனிக்கே வந்துடும். நீங்க மட்டும் பொறுப்பேற்புக் கடிதத்துல ஒரு கையெழுத்துப் போட்டா, கடனோட சேர்த்து நாற்காலியும் உங்களுக்கு. விசேஷ ஏற்பாடு. தலைமை அதிகாரியே உங்களுக்காக ஒத்துக்கிட்டாரு."

"போடலேன்னா?"

"போடலேன்னா நாற்காலி எங்க சொத்து. கடனும் எங்களுக்கு நஷ்டம். உங்களுக்கு மட்டும்தான் சார் ஒண்ணும் இல்ல" என்றார் டைக்காரர் வருத்தத்தோடு.

மூன்று நாள் அவர் அதையே யோசித்தார். அவள் உயிரை விட்டுக்கொண்டே வாங்கிய நாற்காலி. அதை எவனுக்கோ விட்டுவிடுவதா? கையெழுத்துப் போட்டால் பதினோரு மாதம் கழித்து அதில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு பட்டினி கிடக்கலாம். போடாவிட்டால் சோறு உண்டு, நாற்காலி இல்லை. மூன்றாம் நாள் முடிவில், போட்டுவிடுவது என்று ஏறக்குறைய தீர்மானித்துவிட்டார். நாலாம் நாள் நாற்காலியே வந்துவிட்டது.

சுமை தூக்குபவர் அதைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. நாற்காலியின் கையில் கட்டிய சீட்டில் அவள் பெயர், அதற்குக் கீழே ஏழாம் மாடி விலாசம்.

"அண்ணே, லிப்ட்ல ஏறினா எனக்குத் தலை சுத்தும். இத நீங்களே மேல ஏத்திடுங்க. நான் படியில வந்து இறக்கிக்கறேன்."

"சரிப்பா."

அவர் ஸ்டூலையும் செங்கலையும் வெளியே எடுத்து வைத்தார். நாற்காலியை மூலையில் தள்ளினார். ரெண்டு சாண் நாலு விரல். இம்மி பிசகாமல் போய் உட்கார்ந்தது. இரண்டு கதவையும் சாத்தினார். ஏழாம் எண்ணை அழுத்திவிட்டு, யாரையும் கேட்காமல், அவரும் உட்கார்ந்தார்.

பத்தொன்பது வருஷம் காற்றில் நின்ற முதுகு பின்னால் போய் எதன் மீதோ பட்டது. சரியாக எங்கே வலிக்குமோ அங்கே அந்தப் புடைப்பு வந்து தாங்கியது. இரண்டாம் மாடியில் மணி அடித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. நாலாம் மாடியில் அழ ஆரம்பித்தார். மரத்த கால் உயிர் பெறும்போது முதலில் வருவது வலிதான். அவருக்கு உடம்பு முழுக்க ஒரே சமயத்தில் வந்தது. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில், எந்தப் போனும் எடுக்காத இடத்தில், வாய்விட்டு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஏழு வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

கதவுக்கு வெளியே மூவரும் காத்திருந்தார்கள். நெத்திக்கண்ணாடி கையில் பொறுப்பேற்புக் கடிதம். அனுதாபப் பிரிவு அம்மாள் கையில் பூச்செண்டு. அதே காகிதப் பூதான். டைக்காரர் படம் எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"வாங்க, வாங்க" என்றார் நெத்திக்கண்ணாடி. "இங்கதான் ஒரு கையெழுத்து."

"சார், அதுக்கு முன்னாடி அந்த அன்புப் படிவம் வேணும். ஒரு கேள்விக்குப் பதில் போடாம விட்டுட்டேன்."

அம்மாள் ஓடிப்போய் எடுத்து வந்தாள். லிப்ட்காரர் அதைக் கதவில் வைத்து, காலியாக இருந்த கட்டத்தில் ஐந்து என்று எழுதினார். எழுதிவிட்டுப் பார்த்தார். பிறகு கோட்டை இன்னொரு தடவை அழுத்திப் போட்டார்.

"அஞ்சு!" என்றாள் அம்மாள், கண் கலங்க. "சார், அஞ்சு போட்டுட்டாரு!"

நெத்திக்கண்ணாடி கைதட்டினார். கடிதத்தை நீட்டினார். லிப்ட்காரர் அதை வாங்கி, நாலாக மடித்து, நாற்காலியின் பிளாஸ்டிக் உறைக்குள் செருகினார்.

"நாற்காலிய இறக்கிக்குங்க சார். கீழ மணி அடிக்கறாங்க."

"என்னங்க இது? அஞ்சு போட்டவங்க இதுவரைக்கும் ஒருத்தர்கூட கையெழுத்துப் போடாமப் போனதில்லையே?"

"அவங்க யாரும் இந்த லிப்ட ஓட்டலையே சார்" என்றார் லிப்ட்காரர்.

நெத்திக்கண்ணாடி முதல்முறையாகக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவரைப் பார்த்தார். சுமை தூக்குபவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். கதவுச் சட்டத்தின் வழியாக அது போவதை, அதன் முதுகு திரும்பும்வரை, லிப்ட்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே இறங்கும்போது பையில் போன் அடித்தது. நேரில் பேச அதிகாரம் இல்லாத டைக்காரர். வேலை நேரத்தில் போன் எடுக்கக் கூடாது என்பது விதி. அவர் எடுக்கவில்லை.

நாற்காலியை அனுதாபப் பிரிவில், வருகிறவர்கள் உட்காரப் போட்டார்கள். சாய்ந்து உட்கார்ந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தவரைவிடச் சீக்கிரம் கையெழுத்துப் போடுகிறார் என்று தலைமையிலிருந்து ஒரு சுற்றறிக்கைகூட வந்ததாம். ஆனால் என்ன கண்ணேறோ, அந்த மாதத்திலிருந்து ஏழாம் மாடியில் கையெழுத்து விழுவதே நின்றுபோயிற்று. வருகிறவர்கள் வசதியாகச் சாய்ந்து உட்காருகிறார்கள், அட்டை வாசிப்பதைக் கேட்கிறார்கள், மௌனம் நிற்கிறார்கள், ஐந்து போடுகிறார்கள், எழுந்து போய்விடுகிறார்கள். நெத்திக்கண்ணாடி விசாரணைக் குழு அமைத்தார். குழுவை லிப்டில் ஏற்றிக்கொண்டு போகும்போது, "யாரோ வெளியாள் நம்ம பேச்ச ஒட்டுக் கேக்கறான். கூட நிக்கறவன் யாருன்னு பாத்துப் பேசுங்க" என்று எச்சரித்தார். லிப்ட்காரர் கதவைத் திறந்துவிட்டார்.

ஏழாம் மாடிக்கு முதல்முறை வருகிறவர்களை அவருக்குப் பார்த்த உடனே தெரிந்துவிடும். கடிதத்தை எட்டாக மடித்து உள்ளங்கையில் வைத்திருப்பார்கள். எந்த மாடி என்று கேட்டால் கொஞ்சம் தாமதித்துத்தான் சொல்வார்கள். அன்றும் அப்படி ஒரு பெண் ஏறினாள். முப்பது வயது இருக்கும். பூட்டாத கைப்பை, ஆண்களின் கைக்கடிகாரம் ஒன்று அவள் மணிக்கட்டில் தொளதொளவென்று தொங்கியது. செங்கல் வைத்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்த லிப்ட்காரர் ஆறாம் மாடி தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. தாண்டியதும் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வீட்டுக்காரரோட கார்டாம்மா?"

அவள் தலையாட்டினாள்.

"நீங்க எங்கயாவது கையெழுத்துப் போட்டிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப நீங்க கட்ட வேண்டியதில்ல. அவங்க கேப்பாங்க, நல்லாத்தான் கேப்பாங்க. கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க. உள்ள ஒரு நாற்காலி இருக்கும். அது என் பொண்டாட்டி வாங்கினது. நல்லா சாஞ்சு உக்காருங்க."

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். லிப்ட் குலுங்கி நின்றது. அவர் கதவை இழுத்துத் திறந்தார்.

"ஏழு" என்றார்.